வாணி பத்து நாளில் எடுத்த சான்றிதழ்

1

மூன்று வாரங்களுக்கு முன் என் மாமனாருக்கு எங்கள் லண்டன் விலாசத்தில் ஒரு சான்றிதழ் தபாலில் வந்தது. தரவுத்தள நிர்வாகத்தில் அவர் தேர்ச்சி பெற்றுவிட்டார் என்று தடித்த தாளில் அச்சிட்டிருந்தார்கள். மாமனார் மட்டக்களப்புப் பக்கம் பழுகாமத்தில் வயல் செய்தவர். கணினியைத் தொட்டதில்லை. அவர் காலமாகி ஒன்பது வருடமாகிறது.

விடயம் சிக்கலானதல்ல. என் மனைவியின் பெயர் கணபதிப்பிள்ளை கலைவாணி. தகப்பன் பெயரை முன்னால் எழுதுவது நம் வழக்கம். கடவுச்சீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. இந்த நாட்டுப் படிவங்களோ முன்னால் இருப்பதை ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். வைத்தியசாலையிலும் வங்கியிலும் அவளைக் கணபதிப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தத் தடவை ஒருபடி மேலே போய், முன்னால் 'திரு' சேர்த்து, கலைவாணியை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள்.

வாணி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா பாஸ் பண்ணிட்டார். பாவம், விதைப்புக்க நிண்ட மனிசன், எந்த நேரம் படிச்சாரோ."

சிரித்தாள். பிறகு அதை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பெயர் பிழையான அந்தத் தாளைத்தான் அடுத்த நாள் வேலை முகவருக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

ஊரில் இருந்து எனக்கு எழுதுகிறவர்களில் கணினி படித்தவர்கள் கூடிவிட்டார்கள். இப்படிப் பத்து நாள், பதினாலு நாள் என்று ஒரே மூச்சாக நடத்தும் வகுப்புகளில் சான்றிதழ் எடுத்தால் வெளிநாட்டில் ஒப்பந்த வேலை கிடைக்குமா என்பது அவர்களுடைய கேள்வி. எனக்குக் கணினி தெரியாது. மட்டக்களப்பில் செய்தி எழுதினேன். இங்கே ஒரு பண்டகசாலையில் அதிகாலை முறை வேலை. ஆனால் அந்த வகுப்புக்குப் போன ஒருத்தியைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பார்த்ததை எழுதலாம்.

2

வாணியின் வேலையை நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் அத்தனை விபரங்களும், ஆட்களின் பெயர், பொருள், திகதி எல்லாம், ஒரு பெரிய இயந்திரத்தில் இருக்கின்றன. அவை கெடாமல் பார்ப்பதும், கெட்டுப்போனால் பழையபடி கொண்டுவருவதும் அவள் பொறுப்பு. நிரந்தர வேலை இல்லை. மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒப்பந்தம். முடிந்ததும் முகவர் வேறொன்று பிடித்துத் தருவார்.

போன வருடக் கடைசியில், 2008இல், முகவர்கள் தொலைபேசி எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வங்கிகள் ஆடிப்போன காலம். வாணியின் கடைசி ஒப்பந்தம் ஜனவரியில் முடிந்தது. எங்கள் விசா ஜூலையில் முடிகிறது. அவளுடைய படிப்புத் தகுதிக்காகத் தந்த விசா அது. நானும் மகள் அபியும் அவளில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள். நீடிக்க வேண்டுமென்றால் அவள் தன் துறையில் வேலை செய்கிறாள் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூன்று பேரும் புறப்பட வேண்டும்.

ஏப்ரலில் ஒரு முகவர் உண்மையைச் சொன்னார். விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கின்றன, யாரும் முழுவதும் வாசிப்பதில்லை, சான்றிதழ் இல்லாதவர்களை முதலில் ஒதுக்கிவிடுகிறார்கள் என்றார்.

வாணி தொலைபேசியை வைத்துவிட்டு வெண்டிக்காய் வெட்டத் தொடங்கினாள்.

"நாலு வருசமாச் செய்யிற வேலைய, செய்யத் தெரியுமெண்டு பத்து நாள் பள்ளிக்கூடம் போய்த் தாள் எடுத்திட்டு வரட்டாம்."

"போகப் போறியா?"

"போகாட்டி? ஜூலைக்குப் பிறகு நீங்க பேப்பருக்கு எழுதுவீங்களா ஊரில?"

நான் ஊரில் எழுதுவதை நிறுத்தியது பயத்தில் என்று அவளுக்குத் தெரியும்.

3

வகுப்பு நகருக்கு வெளியே ஓர் அலுவலகக் கட்டடத்தில் நடந்தது. காலை எட்டரைக்குத் தொடங்கும். ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் போனால் மாலை எட்டு மணிக்கு வருவாள். மே மாதம் என்பதால் அப்போதும் வெளிச்சம் இருக்கும். நான் மதியம் வேலை முடிந்து வந்து, அபியைப் பள்ளியில் இருந்து கூட்டி வந்து, சோறாக்கி வைத்திருப்பேன். சாப்பிட்ட கையோடு மாதிரிக் கேள்விகள். நான் வாசிப்பேன், வாணி பதில் சொல்வாள். அபிக்கு ஆறு வயது. என் ஆங்கில உச்சரிப்பைத் திருத்துவது அவளுடைய வேலை. ஒவ்வொரு வரியிலும் அவளுக்கு வேலை இருந்தது.

ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். முதல் மூன்று நாளும் வாணி பாதிக்குப் பாதி பிழைவிட்டாள்.

"நீ உண்மையில இப்பிடித்தானே செய்வாய்?" என்று கேட்டேன். "வேலைக் கதை சொல்லக்குள்ள சொல்லியிருக்கிறாய்."

"நான் என்ன செய்வன் எண்டு அவங்க கேக்கல்ல. அவங்கட புத்தகத்தில என்ன இருக்கு எண்டு கேக்கிறாங்க."

"எங்கட பத்திரிகை ஆசிரியரும் அப்பிடித்தான்."

"அதுதான் நீங்க பெட்டி தூக்கிறீங்க. இந்தா, அடுத்தத வாசிங்க."

ஐந்தாம் நாள் வந்தவள் சப்பாத்தைக் கழற்றவில்லை. மாடிப்படியின் கீழ்ப்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இண்டைக்குப் பெக்கப் பாடம்," என்றாள்.

பெக்கப் என்றால், இயந்திரம் கெட்டுப்போனாலும் விபரங்கள் தப்ப வேண்டுமென்று எடுத்து வைக்கும் பிரதி. இது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சொல் அது.

"பிரதி எடுத்தாப் போதாது, வேற இடத்தில திறந்து பாத்தாத்தான் அது பிரதி. ஒரு ஸ்லைடில ஒரே ஒரு வரி. படிப்பிக்கிறவன் வாசிச்சான், அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டான். ஒரு நிமிசமும் இல்ல."

நான் அவள் மடியில் இருந்த பையை வாங்கினேன்.

"ஒரு நிமிசத்தில படிக்கலாம் போல கிடக்கு," என்றாள். "எனக்கு அத நாவலடி மனிசி சொல்லித் தர வேண்டியிருந்திச்சு."

4

சுனாமியாகக் கடல் வந்து ஒரு வாரத்தில், 2005 ஜனவரியில், வாணி நிவாரண வேலைக்குப் போனாள். அதற்கு முன் மட்டக்களப்பில் கணினி படிப்பித்துக்கொண்டிருந்தாள். வாவிக் கரையோரத்தில் ஓர் அலுவலகம், ஒரு கணினி, ஒரு மின்பிறப்பாக்கி. முகாம்களாக மாறிய பள்ளிக்கூடங்களுக்குப் பகலில் போய் யார் இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை, யார் இறந்தார்கள் என்று எழுதி வருவாள். மாலையில் அதைக் கணினியில் ஏற்றுவாள். அச்செடுத்த பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள். ஆட்களைத் தேடி வருகிறவர்கள் விரலை வைத்து வரி வரியாக வாசிப்பார்கள். சிலர் கடைசி வரிக்கு வந்த பிறகு மறுபடி மேலே இருந்து தொடங்குவார்கள். எங்கள் பத்திரிகைக்காக நானும் அந்தப் பட்டியலில் ஒரு பகுதியைப் பிரதி எடுப்பேன்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் வாணி அந்தக் கோப்பை ஒரு பிளொப்பித் தட்டில் பதிந்து, மேலே திகதி எழுதி, பிஸ்கற் தகரத்துக்குள் வைப்பாள். ஏழு நாள், ஏழு தட்டு. எட்டாம் நாள் மின்பிறப்பாக்கியில் மின்சாரம் எகிறிக் கணினி எரிந்தது. வேறு கணினியைக் கொண்டுவந்து தட்டுகளைப் போட்டார்கள். ஏழிலும் ஒன்றுமில்லை.

தட்டுகளில் பழுது எதுவும் இல்லை. கணினித் திரையில் அந்தக் கோப்பின் பெயரோடு ஒரு சிறு படக்குறி இருந்தது. யாரோ வசதிக்காக வைத்தது. அதை அழுத்தினால் கோப்பு திறக்கும். ஆனால் அது கோப்பு அல்ல, கோப்பு இருக்கும் இடத்துக்கு வழிகாட்டும் அடையாளம் மட்டுமே. வாணி ஏழு நாளும் அந்த அடையாளத்தைத்தான் தட்டில் பதிந்திருந்தாள். கணினி படிப்பித்தவளுக்கு இது தெரியும். ஆனால் அந்த நாட்களில் அவள் சரியாக நித்திரை கொண்டதில்லை. அலுவலகத்தில் இருந்ததோ ஒரே கணினி, இன்னொன்றில் திறந்து பார்க்க வழியும் இல்லை.

முதல் மூன்று நாள் பெயர்கள் என் பத்திரிகைத் தாள்களிலும் சுவரிலும் இருந்தன. நாலாம் நாளில் இருந்து அச்சு மை இல்லை; கையால் எழுதிய தாள்களும் கணினியில் ஏற்றிய கையோடு எறிபட்டுவிட்டன. மிச்சத்துக்கு மறுபடி போகத்தான் வேண்டும். ஆட்களிடம், அவர்களுடைய இறந்தவர்களின் பெயர்களை இரண்டாவது தடவை கேட்க வேண்டும்.

நானும் கூடப் போனேன். ஒரு வகுப்பறையில் கரும்பலகைக்குக் கீழே கடற்கரைக் கிராமமான நாவலடியைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பலகையில் விடுமுறைக்கு முன் எழுதிய கழித்தல் கணக்கு அழியாமல் இருந்தது.

"அண்டைக்கு ஒருத்தி எழுதிட்டுப் போனாளே," என்றார்.

"நான்தான் அக்கா எழுதின."

"மறுகா ஏன் கேக்கிறாய்?"

வாணி பொய் சொல்லவில்லை. "துலைச்சிட்டன் அக்கா" என்றாள்.

அந்தப் பெண் அவளைக் கனநேரம் பார்த்தார். கை ஓங்குவார் என்று நினைத்தேன். அவர் தன் பாயில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டார்.

"இரு. நிண்டுகொண்டு எழுதாத."

புருசன் பெயரைச் சொன்னார். இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொன்னார். வயதைச் சொன்னார். சின்னவனுக்கு நான்கு என்று சொல்லி, பிறகு, "இல்ல, தைக்கு அஞ்சு. அஞ்செண்டே போடு" என்றார். வாணி எழுதி முடித்த பிறகு கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, விரலால் ஒவ்வொரு பெயரையும் தொட்டுப் பார்த்தார்.

"இந்தத் தரம் துலைக்காத புள்ள."

அன்றில் இருந்து வாணி எங்கே வேலை செய்தாலும், எடுத்த பிரதியை வேறு இயந்திரத்தில் திறந்து, சில வரிகளைக் கண்ணால் வாசிக்காமல் வீட்டுக்கு வருவதில்லை. ஒரு மேலாளர் இதை நேர விரயம் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்.

5

வகுப்பின் கடைசி வாரமும் வன்னியில் யுத்தத்தின் கடைசி வாரமும் ஒன்றாக வந்தன. இங்கே நம்மவர்கள் யுத்தத்தை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் வீதியில் இருந்தார்கள். வாணி பயிற்சிப் புத்தகத்தோடு ரயிலில் போனாள். வீட்டில் தொலைக்காட்சியைக் குறைத்து வைத்தோம். வன்னியில் இருந்து முகாம்களுக்கு வந்தவர்களின் பெயர்ப்பட்டியல்கள் மின்னஞ்சலில் சுற்றிக்கொண்டிருந்தன. சாப்பிட்டுவிட்டு வாணி அவற்றில் வந்த ஒவ்வொரு கோப்பையும் திறந்து, உள்ளே பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு அனுப்புவாள்.

பரீட்சை நாள் காலை, அவள் புறப்பட்ட பிறகு, பழுகாமத்தில் இருந்து என் அக்கா தொலைபேசி எடுத்தார்.

"முடிஞ்சுதாம்டா. டவுணுக்க வெடி கொழுத்திறாங்களாம். நாங்க கதவச் சாத்திட்டு இருக்கம்."

"நீங்க சுகமா?"

"சுகம்தான். இனி என்னத்தச் சொல்ல? வாணிக்கு இண்டைக்குத்தானே சோதினை? அவளுக்கு இப்பச் சொல்லிராத."

சொல்லவில்லை. வழக்கமாகப் பரீட்சைக்கு முன் ஒருதடவை எடுத்துப் பேசுவேன், அன்றைக்கு எடுக்கவில்லை. பேசினால் என் குரலில் பிடித்துவிடுவாள். பின்னேரம் அபியோடு ரயில் நிலையத்தில் நின்றேன். வாணி வந்து, முதலில் அபியின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

"பாஸ்," என்றாள்.

பிறகு நடக்கத் தொடங்கியதும் சொன்னாள்: "போகக்குள்ளயே ரயில்ல பக்கத்து ஆள்ர பேப்பரில பாத்திட்டன். நீங்க போன் எடுக்கல்ல எண்டோண உங்களுக்கும் தெரியும் எண்டு விளங்கிச்சு."

"அதோட எப்பிடி எழுதினாய்?"

"ஒவ்வொரு கேள்வியையும் ரெண்டு தரம் வாசிச்ச. ஆனா என்ன கேட்டாங்க எண்டு இப்பக் கேட்டாச் சொல்ல ஒண்ணா."

வீட்டுக்கு வரும்வரை அபிதான் கதைத்தாள், ஆங்கிலத்தில், பள்ளியில் வளர்க்கும் அவரைச் செடியைப் பற்றி.

6

இனி கேள்விக்கு வருகிறேன். உதவியதா?

முதலில், தாள் எங்களைத் தடுக்கப் பார்த்தது. சான்றிதழில் இருக்கும் ஆண் யார் என்று முகவர் கேட்டார். கடவுச்சீட்டின் பிரதி, நம் பெயர்முறையை விளக்கி ஒரு கடிதம், பயிற்சி நிறுவனத்துக்கு ஒரு முறைப்பாடு என்று நான்கு நாள் போனது. ஐந்தாம் நாளில் இருந்து, ஐந்து மாதமாக ஒரு நேர்முகமும் கிடைக்காதவளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு நேர்முகம் கிடைத்தது. அவளுடைய விண்ணப்பத்தில் வேறு எதுவும் மாறியிருக்கவில்லை. ஆகவே, கதவைத் திறந்தது சான்றிதழ். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு போலந்துக்காரரையும் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். பழைய கேள்விகளைப் பாடமாக்கி வாணியை விடக் கூடப் புள்ளி எடுத்தார். இந்த வேலையை அவர் ஒரு நாளும் செய்ததில்லை. அவருக்கும் நேர்முகங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் பத்தாவது நிமிடத்தில் திரும்பி வருகிறார். எழுதும் இந்த வாரம்வரை அவருக்கு வேலை இல்லை. அவர் வாணிக்கு எடுத்துப் பேசும்போது அவள் குரலைத் தணித்துக்கொள்கிறாள்.

வாணியின் முதல் நேர்முகம் சரிவரவில்லை. இரண்டாவதில் இரண்டு பேர் இருந்தார்கள். இளையவர் புத்தகக் கேள்விகள் கேட்டார். பத்து நாள் படிப்பு அங்கே கைகொடுத்தது. மூத்தவர் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். எடுத்த பிரதி நல்லது என்று எப்படித் தெரியும்?

பிரதியைச் சோதிக்கப் புத்தகத்தில் உள்ள கணினிக் கட்டளையை வாணி சொன்னாள். பிறகு, வேறு இயந்திரத்தில் திறந்து சில வரிகளைக் கண்ணால் வாசிப்பேன் என்றாள். கட்டளையே சொல்லிவிடுமே, கண் எதற்கு என்று கேட்டார்.

"மறுகா என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

"ஒருதரம் துலைச்சன் எண்டு சொன்ன. என்ன செஞ்சாய் எண்டு கேட்டார். ஆக்களிட்டத் திரும்பப் போய்க் கேட்ட எண்டு சொன்ன. எந்த ஆக்கள் எண்டு கேட்டார்."

"சொன்னாயா?"

"சொன்ன. பெயரெல்லாம் சொல்லல்ல. பாயில இடம் விட்டதச் சொன்ன. சொல்லக்குள்ள என்ட இங்கிலீஷ் எல்லாம் பிழைச்சுப் போச்சு."

ஜூன் முதல் வாரம் ஒப்பந்தம் கிடைத்தது. மூன்று மாதம். எது வாங்கித் தந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கதையைக் கேட்டு அவர் இரங்கினாரா, அல்லது இளையவரின் கேள்விகளில் அவள் எடுத்த புள்ளியா? வேலை தருகிறவர்கள் காரணம் எழுதுவதில்லை. ஊரில் இருந்து கேட்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். வேலை தெரிந்தவர் இந்தத் தாளை எடுக்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலை தெரியாதவர் முதலில் எங்காவது ஒரு சிறிய இடத்தில், உண்மையான விபரங்களோடு, ஒரு வருடம் இருக்கட்டும். சம்பளம் குறைவென்றாலும் இருக்கட்டும். பத்து நாள் அதற்குப் பிறகு.

7

ஒப்பந்தம் வந்த சனிக்கிழமை, கையெழுத்துப் போட வாணி மேசையில் இருந்தாள். அபி தன் பள்ளிப் பையை இழுத்துக்கொண்டு வந்து கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே பள்ளிப் புத்தகம் ஒன்றுமில்லை. நீச்சல் உடுப்பு, நீச்சல் கண்ணாடி, ஒரு துவாய். எப்போது புறப்படுகிறோம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எங்கே என்று கேட்டேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் பாசிக்குடாவுக்கு என்றாள். அங்கே கடலில் எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலுக்கு மேலே வராதாம்.

இதை அவளுக்கு நான் சொன்னதில்லை. வாணியைப் பார்த்தேன். நான்கரை வருடமாக என் மனைவி எந்தக் கடலைப் பற்றியும் வாய் திறந்ததில்லை. இங்கே பள்ளியில் கடற்கரைச் சுற்றுலா என்றால் அபியோடு நான்தான் போவேன்.

"பரீட்சை முடிஞ்ச கிழமை நித்திரையாக்கக்குள்ள நான்தான் சொன்ன," என்றாள் வாணி என்னைப் பார்க்காமல். பிறகு மகளிடம், "இப்ப இல்ல மகள். அம்மாக்கு வேலை கிடைச்சிட்டு. நாம இஞ்சதான் இருக்கப் போறம்."

அபி நின்றுகொண்டே இருந்தாள். ஒரு வருடமாக நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை அவள்.

"சண்டை முடிஞ்சாப் போவம் எண்டு சொன்னீங்க," என்றாள்.

வாணி பேனாவை மூடினாள். ஒப்பந்தத் தாள்களைப் புரட்டி, முடியும் திகதி அச்சிட்ட பக்கத்தை எடுத்து, அபிக்கு முன்னால் வைத்தாள். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அவள் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். தேடிப் பார்த்துவிட்டு மாதங்களை விரலில் எண்ணுவாள்; பிறகு இரண்டு நாள் பேச்சுக் குறைந்திருக்கும்.

"இஞ்ச பாரு. என்ன மாசம் போட்டிருக்கு?"

அபி எழுத்துக் கூட்டி வாசித்தாள். "ஓகஸ்ட்."

"ஓம். ஓகஸ்ட் கடைசியில இந்த வேலை முடியும். முடிஞ்சோண போவம்."

"நீங்களும் தண்ணிக்க வருவீங்களா?"

வாணி பேனாவின் மூடியைக் கழற்றினாள். "முழங்கால் மட்டுக்கும் வருவன்," என்றாள்.

அபி பேனாவை வாங்கி அந்தத் திகதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய பிரதி அது. வாணி தடுக்கவில்லை. வட்டத்தோடு கையெழுத்துப் போட்டாள்.

விசா நீடிப்புக்காக எங்கள் மூன்று கடவுச்சீட்டுகளும் நாளைக்குத் தபாலில் போகின்றன. ஓகஸ்டுக்குள் திரும்பி வருமா என்று நான் கேட்கவில்லை. நேற்று அபி பள்ளிக்குப் போன பிறகு அறையைக் கூட்டினேன். நீச்சல் உடுப்பையும் கண்ணாடியையும் யாரோ வேறொரு பையில் மாற்றி, கதவுக்குப் பின்னால் கொழுவியிருந்தார்கள். திறந்து பார்த்தேன். பெரியவர்களுக்கான துவாய் ஒன்றும் உள்ளே மடித்து வைத்திருந்தது.